பொந்தியான் கரையும் இடைக்காலக் கலை வரலாறும்: ஆய்வு நிலையும் ஆய்வுக் களங்களும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ளது பொந்தியான் மாவட்டம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி எனப்படும் தஞ்சோங் பியாய் இம்மாவட்டத்தைச் சார்ந்தது. அதற்குச் சற்று வடக்கே குக்குப் என்னும் மீனவ ஊர் உள்ளது. கடல் சேற்றில் கால்கள் நட்டு அவற்றின்மேல் வீடுகள் கட்டப்பட்டுள்ள ஊர் அது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து நோக்கினால் நீரிணைக்கு அப்பால் இந்தோனேசியாவைச் சார்ந்த கரிமுன் தீவின் குன்றுகள் நீல நிழலாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் அங்கு நின்றிருந்தபோது, அவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர், "சோழர்கள் இங்கே வந்தார்களா, ஐயா?" என்று வினவினார்.

"பொந்தியானில் அதற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை" என்பதே நேர்மையான விடை. இடைக்காலத்தைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டோ கோயில் அடித்தளமோ செப்புத் திருமேனியோ இம்மாவட்டத்திலிருந்து அறிவிக்கப்படவில்லை. அம்மாணவியின் முகம் சற்று வாடியது. உடனிருந்த மற்றொருவர், "பொந்தியான் படகு என்று ஒன்று பாடநூலில் உள்ளதே" என்றார். இவ்வையம் பலருக்கும் உண்டாகிறது. பொந்தியான் படகு என அறிஞர் வழங்கும் அப்பழம்பொருள் இவ்வூரினது அன்று. தீபகற்பத்தின் கீழைக்கரையில், பகாங் மாநிலத்தின் தென்பகுதியில் ஓடும் பொந்தியான் ஆற்றின் கரையில் 1920களில் கண்டெடுக்கப்பட்டது அது. பலகைகளை மர ஆணிகளாலும் நார்க்கயிற்றாலும் பிணைத்துக் கட்டிய அப்படகு, கரிமக் கணிப்பின்படி கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையான காலத்தைச் சார்ந்தது. தைத்துக் கட்டும் அம்முறை தென்கிழக்காசியக் கடலோடிகளின் மரபு. ஆகவே அப்படகு தமிழர் வருகைக்குச் சான்றாவதைவிட, தமிழர் வந்தபோது இங்கே கடலறிந்த மக்கள் முன்னரே இருந்தனர் என்பதற்கே சான்றாகும்.

இரு விடைகளும் ஏமாற்றம் தரக்கூடியவை. ஆயினும் கலை வரலாறு என்னும் துறை இத்தகைய ஏமாற்றத்திலிருந்தே தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். தென்கிழக்காசியாவில் தமிழரது இடைக்காலக் கலைத் தொடர்பைக் குறித்து நாம் மேடைகளில் மிகுதியாகப் பேசியிருக்கிறோம்; பொருள்களை மிகக் குறைவாகவே உற்றுப் பார்த்திருக்கிறோம். கல்வெட்டுகள் பெரும்பாலும் படிக்கப்பட்டுவிட்டன. சிற்பங்களும் கட்டட அடித்தளங்களும் கோயிலுள் புதைத்த பேழைகளும் இன்னும் நிறைவாகப் படிக்கப்படவில்லை. அவற்றைப் படிக்க வேண்டிய பயிற்சியில் ஒரு பாதி மலேசியத் தமிழ் மாணவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மறுபாதியை எங்கே பெறலாம், எத்தகைய வினாக்கள் காத்திருக்கின்றன என்பன இங்கு ஆராயப்பெறுகின்றன.

நீரிணையின் தென்வாயில்

பொந்தியானில் ஒன்றும் இல்லை என்றால் அது வெற்றிடம் என்பதன்று. பொந்தியான் கடலோரத்திலுள்ள பீசாங் தீவையும் எதிர்க்கரையிலுள்ள கரிமுனையும் செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய சீனக் கடல் வரைபடம் குறித்துள்ளது. 17ஆம் நூற்றாண்டில் அச்சேறிய ஒரு போர்க்கலை நூலில் அவ்வரைபடம் இடம்பெற்றிருப்பினும், அதிலுள்ள செய்திகள் 15ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. மேற்கிலிருந்து வரும் கலங்கள் இவ்விரு தீவுகளையும் அடையாளமாகக் கொண்டே துமாசிக் பக்கம் திரும்பின. நாகப்பட்டினத்திலிருந்து சீனத்துக்குச் சென்ற வணிகர் இக்கரையைக் கண்ணால் கண்டிருப்பர் என்பதில் ஐயம் வேண்டா. இறங்கினரா என்பதே அறியப்படாதது.

கரிமுன் தீவின் பாசிர் பாஞ்சாங் என்னுமிடத்தில் கருங்கற் பாறையில் வெட்டிய சிறு கல்வெட்டொன்று உள்ளது. மொழி வடமொழி, எழுத்து நாகரி, காலம் ஏறத்தாழ 9 அல்லது 10ஆம் நூற்றாண்டு. மகாயான பௌத்தத்தையும் கௌதமர் திருவடியையும் அது குறிக்கிறது. இடையிலுள்ள ஒரு சொல்லை முன்னையோர் ஓர் அறிஞரின் பெயரடையாகப் படித்தனர். 1994ஆம் ஆண்டு இயன் கால்டுவெல், ஆன் ஹேசல்வுட் ஆகிய இருவரும் அதனை வேறாகப் படித்து, வானியல் கருவியொன்றைக் குறிப்பதாக விளக்கினர். சில எழுத்துகளைப் படிக்கும் முறை மாறியவுடன் ஊர்ப்பெயர் சார்ந்த ஒரு செய்தி மறைந்து அறிவியல் சார்ந்த ஒரு செய்தி தோன்றிவிடுகிறது. பொந்தியான் கரைக்கு மிக அண்மையிலுள்ள இடைக்கால இந்தியச் சின்னம் தமிழுமன்று, சைவமுமன்று என்பதையும் இங்கு மனங்கொள்ள வேண்டும். நீரிணையின் தென்வாயிலில் வங்கமும் ஸ்ரீவிஜயமும் தமிழகமும் கலந்தே புழங்கின.

கிழக்கே சிங்கப்பூர் ஆற்றுமுகத்தில் நின்ற பெரும் மணற்கல்லின் கதை வேறுவகையில் துயரமானது. ஏறத்தாழ ஐம்பது வரிகள் வெட்டப்பட்டிருந்த அக்கல், 1843ஆம் ஆண்டு கட்டுமானப் பணிக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டொன்று இன்று சிங்கப்பூர்த் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் எழுத்து காவி எழுத்துக்கு நெருங்கியது. முழுமையாக எவராலும் படிக்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டு வெளிவந்த தொகுப்பு நூலொன்றில் இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர், அத்துண்டிலுள்ள சில எழுத்துகள் பரகேசரி என்னும் சோழப் பட்டப்பெயரின் பகுதியாக இருக்கலாம் எனக் கருத்துரைத்தார். முதலாம் இராசேந்திரனும் பரகேசரிப் பட்டம் பூண்டவனே. இச்செய்தி தமிழ் ஏடுகளில் வெளிவந்தபோது 'இருக்கலாம்' என்பது பெரும்பாலும் 'இருந்தது' ஆகிவிட்டது. முன்னும் பின்னும் உடைந்த ஒரு வரியிலுள்ள நாலைந்து எழுத்துகள் அவை. கருத்து கவனத்துக்குரியது, ஆனால் அதன்மேல் மாளிகை எழுப்பும் காலம் இன்னும் வரவில்லை.

கோத்தா கெலாங்கி தரும் படிப்பினை

ஜொகூரைப் பொறுத்தவரை இவ்வகை ஆர்வம் ஒருமுறை பெரிய அளவில் பொங்கி அடங்கியுள்ளது. மலாய் வரலாற்று இலக்கியமாகிய செஜாரா மெலாயுவில், கலிங்க நாட்டிலிருந்து படையெடுத்து வரும் அரசன் ஒருவன் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற் கோட்டையொன்றை வென்றதாகக் கூறப்படுகிறது. அவன் பெயர் படிக்குப் படி வேறுபடினும் சோழன் என்னும் பெயரின் எதிரொலி அதில் உள்ளது. அவ்வரசனே பின்னர்ச் சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் துமாசிக் வந்து, துருவேறிய ஊசிகளையும் பல்போன கிழவர்களையும் ஏற்றி வந்த சீனக் கப்பலைக் கண்டு, சீனம் அத்துணைத் தொலைவோ என மலைத்துத் திரும்பிவிடுகிறான். சோழப் படையை ஊசி மூட்டையால் வென்ற இந்நகைச்சுவையை நம்மவர் மேற்கோள் காட்டுவதில்லை. கருங்கற் கோட்டையை மட்டும் காட்டுவர்.

அக்கோட்டையின் இருப்பிடம் குறித்து ரைமி சே ரோஸ் எழுதிய கட்டுரை, அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை இதழில் 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாளிதழ்கள் அதனை 'மறைந்த நகரம்' என முதற்பக்கத்தில் வெளியிட்டன. அரசு அமைத்த ஆய்வுக்குழு காட்டில் தேடியது. அத்தகைய நகரத்துக்குத் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என 2006ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தேடியது குற்றமன்று. ஆனால் கோட்டையைத் தேடியவர்கள் கோட்டை இல்லையென்றதும் திரும்பிவிட்டனர். இடைக்கால ஜொகூரின் ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்து கிடைத்த மணிகள், பானையோடுகள், சீனப் பீங்கான் துண்டுகள் ஆகியவற்றை ஒருங்கு வைத்து நோக்கும் பொறுமையான பணிக்கு அந்த ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கும் செல்லவில்லை.

கி.பி. 1025இல் நிகழ்ந்த கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, வென்ற ஊர்களை வரிசையாகப் பெயர் சுட்டுகிறது. கடாரம் இன்றைய கெடா என்பதும், இலங்காசோகம் பட்டாணிப் பகுதி என்பதும், மலையூர் சுமத்திராவின் சம்பிப் பகுதி என்பதும் பெரும்பான்மையோர் கருத்து. அப்பட்டியலில் ஜொகூருக்கு உறுதியாகப் பொருந்தும் பெயர் ஒன்றுமில்லை. எனவே ஜொகூர் மாணவர் சோழர் கலைத் தொடர்பை அறிய விரும்பினால் அவர் வடக்கே கெடாவுக்குச் செல்லவேண்டும்.

கெடாவில் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

பூஜாங் பள்ளத்தாக்கின் கோயிற் சிதைவுகளை முறையாக முதலில் அகழ்ந்தவர் குவாரிட்ச் வேல்சு. 1930களின் பிற்பகுதியில் தம் மனைவியார் துணையுடன் அகழ்ந்து, 1940ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார். இந்தியப் பண்பாடு அலையலையாக இங்கு வந்தது என்பது அவர் கொள்கை. ஆகவே ஒவ்வொரு சிதைவையும் ஏதேனும் ஓர் அலையில் இட்டு நிரப்பினார்; பல சிதைவுகளைப் பல்லவர் காலத்ததாகக் கொண்டார். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் புக்கிட் பத்து பகாட் கோயிலை மீண்டும் அகழ்ந்து, கற்களை எடுத்துச் சீரமைத்து நிறுத்தினார். காலத்தைப் பின்தள்ளிக் காணும் போக்கு அவருக்குப் பின் வலுப்பெற்றது. இன்று சுற்றுலாப் பயணியர் காணும் கோயில் அவர் நிறுத்தியதே.

அக்கோயிலின் முன் நிற்கும் தமிழ் மாணவர் முதலில் ஏமாற்றமே அடைவர். கோபுரமில்லை, விமானமில்லை, தெய்வமில்லை. சதுரமான கல் மேடை, அதன் முன்னே நீண்ட மண்டபத் தளம், தளத்தின்மேல் வரிசையாகத் தூண்களைத் தாங்கும் கற்கள். அவ்வளவே. மேற்கட்டுமானம் மரத்தாலும் ஓலையாலும் அமைந்திருத்தல் வேண்டும். மழையும் கறையானும் அதனைத் தின்றுவிட்டன. ஆனால் நம் ஊர்க் கோயிலில் கருவறை, அர்த்தமண்டபம், மகாமண்டபம் என நடந்து பழகிய கால்களுக்கு இத்தளம் புதிதன்று. வலம் வரும் வழி எங்கே, நீர் வெளியேறும் கோமுகை எத்திசையில் இருந்திருக்கும் என்று அம்மாணவர் கேட்கத் தொடங்கினால் அங்கே கலை வரலாறு தொடங்கிவிடுகிறது. தமிழகத்துக் கற்றளியின் அதிட்டானத்தில் காணும் உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்னும் உறுப்புகள் இங்கு ஏன் இல்லை அல்லது ஏன் எளிமையாயின என்பது அடுத்த வினா. வந்த தச்சர் இவற்றை அறியாரா? கல் இடம் தரவில்லையா? அல்லது கட்டியவர் இவ்வூரார், கேட்டதைத் தம் மரபில் கட்டினரா? இவ்வினாக்களுக்கு ஏற்கப்பட்ட விடை இதுவரை இல்லை.

இதனினும் வளமான களம் அடித்தளத்தின் உள்ளே உள்ளது. லாம்ப் அகழ்ந்தபோது கட்டடத்தினுள் புதைத்திருந்த கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுள் சிறு கலங்கள், மணிக்கற்கள், விலங்கு, தாமரை முதலிய வடிவில் வெட்டிய பொன், வெள்ளித் தகடுகள் ஆகியன இருந்தன. தமிழகத்தில் இன்றும் கோயில் எடுப்போர் செய்யும் கர்ப்பந்யாசம் என்னும் சடங்கை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. ஆகமங்களும் சிற்ப நூல்களும் எப்பெட்டியில் எத்தனை அறைகள், எவ்வறையில் எப்பொருள் என்று விரித்துரைக்கின்றன. காசியப சிற்ப நூலின் அப்பகுதிகளை ஓலைச்சுவடிகளிலிருந்து பதிப்பித்து, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அகழ்வில் கிடைத்த பேழைகளோடு ஒப்பிட்டவர் அன்னா ஸ்லாச்கா. 2007ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், நூலில் கூறியபடியே எங்கும் செய்யப்படவில்லை என்பதைக் காட்டுவதனாலேயே சிறப்புடையது. போலந்து நாட்டுப் பின்னணியுடைய ஓர் அறிஞர் கிரந்தச் சுவடி பயின்று கெடாவின் பேழையைத் திறந்து பார்த்திருக்கிறார். சடங்கை ஆண்டுதோறும் நேரில் காணும் நாம் அப்பேழைகளை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலிருந்தே பார்க்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இடம் காலியாக உள்ளது என்கிறோம்.

காலம் தாழ்த்தினால் என்ன நேரும் என்பதற்கும் கெடாவே சான்று. சுங்கை பத்துவில் தனியார் நிலத்தில் இருந்த பதினோராம் எண் கோயில் மேடை, நிலம் திருத்தும் பணியில் இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2013ஆம் ஆண்டு இறுதியில் வெளியாயிற்று. இழந்தபின் கண்டனங்கள் பல எழுந்தன. அம்மேடையின் ஒவ்வொரு செங்கல் வரிசையையும் அளந்து வரைந்த முழுமையான வரைபடத் தொகுதி தமிழிலோ மலாயிலோ மாணவர் கையில் இருந்திருந்தால், மேடை போயினும் செய்தி எஞ்சியிருக்கும். மறுபுறம், அதே மாநிலத்தில் புக்கிட் சோராசில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், 2023ஆம் ஆண்டு சுதையால் ஆன ஆளுயரப் பௌத்தத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. மண்ணுக்குள் இன்னும் எஞ்சியுள்ளது. அதனைப் பாணியறிந்து விளக்குவோரே குறைவு.

'பாணி' என்னும் சொல்லின் தொல்லை

ஒரு சிற்பத்தைக் கண்டவுடன் 'பல்லவப் பாணி', 'சோழப் பாணி' எனச் சீட்டு ஒட்டுவது நூறாண்டு வழக்கம். தென் தாய்லாந்தில் தக்குவாபாவில் கிடைத்த மூன்று கற்சிற்பங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நடுவே திருமால், பக்கத்தே முனிவரும் பெண்தெய்வமும் என அவற்றை ஸ்டான்லி ஓகானர் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு மூன்றாம் நந்திவர்மன் காலத்தது. நாங்கூருடையான் ஒருவன் தோண்டிய அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தாரையும் அது குறிக்கிறது. கல்வெட்டு குளத்தைப் பற்றியே பேசுகிறது. சிற்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்தே நாம் கதை சொல்கிறோம்.

சிற்பங்கள் தமிழகத்தில் செதுக்கிக் கப்பலேற்றப்பட்டனவா, தமிழ்ச் சிற்பி இங்கு வந்து உள்ளூர்க் கல்லில் செதுக்கினாரா? உருவத்தை மட்டும் பார்த்து இவ்வினாவைத் தீர்க்க இயலாது. கல்லின் கனிமங்களை நுண்ணோக்கியில் ஆய்ந்து, எம்மலைக் கல் என அறிதல் வேண்டும். செப்புத் திருமேனிகளில் இத்தகைய பணியைச் சாரதா சீனிவாசன் 1990களில் தொடங்கிவைத்தார். உலோகத்தில் கலந்துள்ள ஈயத்தின் ஓரிடத்தான் விகிதங்களைக் கொண்டு தென்னிந்தியப் படிமங்களைக் காலவாரியாகப் பிரித்தறிய முயன்றவர் அவர். அவ்வளவைகளோடு தீபகற்பத்திலும் சுமத்திராவிலும் கிடைத்த செப்புப் படிமங்களை ஒப்பிடும் விரிவான பணி செய்வாரை எதிர்நோக்கியுள்ளது. வேதியியல் பயின்று தமிழும் அறிந்த மாணவர் ஒருவருக்கு இதைவிட ஏற்ற முனைவர் பட்டப் பொருள் கிடைப்பது அரிது.

பாணிச் சீட்டு தவறிய இடங்களும் உண்டு. தீபகற்பத்திலும் கம்போடியாவிலும் கிடைக்கும் நீள்முடித் திருமால் உருவங்களை ஒருகாலத்தில் இந்தியப் பாணிகளின் நகல்களாகவே கருதினர். பியர் இவ் மாங்கென், நாதீன் தால்சைமர், பால் லாவி ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பின், அவை தென்கிழக்காசியாவின் சொந்தப் பட்டறைகளில் வளர்ந்த மரபு என்னும் கருத்து நிலைபெற்றுள்ளது. இதனால் தமிழகத்தின் பங்கு சிறுமையுறுவதில்லை. எதிர்த்திசையிலும் கலை பயணம் செய்திருக்கிறது. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் அளித்ததை, லெய்டன் பெயரால் வழங்கும் செப்பேடுகள் கூறுகின்றன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் பல்லாண்டுகளாகக் கிடைத்த முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பௌத்தப் படிமங்களை டி. என். இராமச்சந்திரன் 1954ஆம் ஆண்டு சென்னை அருங்காட்சியக வெளியீடாக விளக்கி எழுதினார். சோழநாட்டு வார்ப்பாளர் கடாரத்தார் வழிபட்ட புத்தரை எவ்வாறு வார்த்தனர், அவ்வுருவங்கள் கடல்கடந்து இங்குள்ள வார்ப்புகளை மாற்றினவா என்பது, தமிழகமும் மலேசியாவும் சேர்ந்தே விடைகாண வேண்டிய வினா.

வணிகக் குழுவினரின் கலை குறித்து ஓரளவு முன்னேற்றம் நிகழ்ந்துள்ளது. சுமத்திராவின் லோபு துவாவில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை எ. சுப்பராயலு 1998ஆம் ஆண்டு மீண்டும் படித்துப் பதிப்பித்தார். மேடானுக்கு அருகே கோத்தா சீனாவில் எட்வர்ட்ஸ் மெக்கின்னன் 1970களில் தொடங்கிய ஆய்வை டேனியல் பெரே தலைமையிலான குழு 2011 முதல் விரிவாகத் தொடர்ந்தது. சீனத்துச் சுவான்சௌ நகரில் கி.பி. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டோடு தொடர்புபடுத்தப்படும் சிவன் கோயிலின் சிற்பத் துண்டுகளை ரிஷா லீ தம் முனைவர் பட்ட ஆய்வில் தமிழகக் கோயில்களோடு வைத்து ஆராய்ந்தார். சீனச் சிற்பியின் உளி தமிழ்ப் புராணத்தைச் செதுக்கும்போது யானையின் கண்ணும் அரக்கனின் முகமும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அங்கே காணலாம்.

பயிற்சியும் வாய்ப்பும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டு தோன்றியது. 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டில் இவ்வட்டாரத் தொடர்புகள் குறித்த ஆய்வுரைகளுக்கு இடமிருந்தது. எனினும் பின்வந்த பல்லாண்டுகளில் மாணவரின் நாட்டம் இலக்கியத்தின்பாலும் மொழியியலின்பாலும் சென்றது. தொல்லியல் கற்போர் மலாய், ஆங்கிலம் வழிப் பயில்கின்றனர். தமிழ் கற்போர் அகழ்வுக் குழியை எட்டிப் பார்ப்பதில்லை. இவ்விரு சாராரும் ஒரே பல்கலைக்கழக உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்தும் ஒருவரையொருவர் அறியார். இந்நிலையே நம் துறையின் பெருந்தடை. பணமின்மை அதற்கு அடுத்ததுதான்.

வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. தென்கிழக்காசியாவின் இந்து, பௌத்தக் கலை பயில இப்பகுதி மாணவர்க்கென இலண்டன் கீழை ஆப்பிரிக்க ஆய்வியல் பள்ளியில் ஆல்பவுட் அறக்கட்டளையின் நன்கொடையால் 2013ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. இந்தோனேசியா, தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகளிலிருந்து பலர் அதன்வழிப் பட்டம் பெற்றுத் தத்தம் நாட்டு அருங்காட்சியகங்களுக்குத் திரும்பியுள்ளனர். 1981ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், சிற்பத்துறைகள் உள்ளன. இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தின் உதவித்தொகை மலேசிய மாணவர்க்கும் உரியது. இவற்றுக்கு விண்ணப்பிப்போர் முன்கூட்டியே ஒரு சிறு பொருளை, ஒரே ஒரு பேழையை அல்லது ஒரே ஒரு சிற்பத்தைத் தேர்ந்து தாமே விளக்கி எழுதிப் பழகியிருத்தல் நலம். 'சோழர் கலை' என்னும் தலைப்புடன் செல்வோர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புவர்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1955இல் தோன்றிய அந்நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்துள்ளது. இலக்கத்துக்கு மேற்பட்ட படங்கள் அங்குள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்புகள் 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அப்படங்களை எடுத்தோர் அவை நீதிமன்றத்தில் சான்றாகும் என எண்ணியிருக்கமாட்டார்கள். ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்டு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வரை சென்ற நடராசர் 2014ஆம் ஆண்டு இந்தியாவுக்குத் திரும்பியதில் அப்படங்களுக்குப் பங்குண்டு. திருமேனியின் பீடத்திலுள்ள ஒரு கீறல், பிரபையில் உடைந்த ஒரு சுடர் என்பன போன்றவை படத்திலும் பொருளிலும் ஒத்திருக்கும்போது வழக்கு முடிந்துவிடுகிறது.

இப்பழக்கம் மலேசியாவில் நமக்கு மிகத் தேவை. இங்குள்ள தோட்டக் கோயில்கள் இடைக்காலத்தன அல்ல. எனினும் அவற்றின் விமானத்தை எழுப்பிய தபதியர் இடைக்கால அளவைகளையே கையாள்கின்றனர். தோட்டம் விற்கப்பட்டுக் கோயில் இடம் பெயரும்போது பழைய கட்டடம் எவ்விதப் பதிவுமின்றி மறைகிறது. அளவு நாடாவும் வரைதாளும் கைப்பேசியும் கொண்டு ஒரு தோட்டக் கோயிலை அளந்து வரையக் கற்ற மாணவர்க்குப் புக்கிட் பத்து பகாட் மேடையை வரைவது கடினமன்று. ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இன்றைய குருக்களோ தபதியோ கூறுவதை அப்படியே 11ஆம் நூற்றாண்டின்மேல் ஏற்றிவிடலாகாது. சடங்குகள் மாறியுள்ளன, நூல்களும் படிக்குப் படி மாறுகின்றன. பழக்கம் வினா எழுப்ப உதவும். விடையைப் பொருளிடமிருந்தே பெறவேண்டும்.

மொழி குறித்தும் ஒன்று கூறவேண்டும். இத்துறையின் ஆய்வுகள் ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு, தாய், இந்தோனேசியம் எனச் சிதறிக் கிடக்கின்றன. இந்தோனேசிய மொழியில் வெளிவரும் அகழ்வறிக்கைகளைத் தமிழகத்து ஆய்வாளர் படிக்க இயலாது. மலேசியத் தமிழ் மாணவரோ மலாய் அறிந்தமையால் எளிதிற் படிப்பர். தமிழ்க் கல்வெட்டையும் இந்தோனேசிய அறிக்கையையும் ஒரே மேசையில் விரித்துப் படிக்கவல்லவர் உலகில் மிகச் சிலரே. அந்தச் சிலர் பெரும்பாலும் நம் நாட்டில்தான் பிறக்கின்றனர். கிரந்த எழுத்தையும் சோழர் கால எழுத்தையும் ஓராண்டுப் பயிற்சியில் கற்றுவிடலாம்.

குக்குப் கரையில் வினவிய அம்மாணவி பின்னர்த் தம் முதுகலை ஆய்வுக்குச் சோழரை எடுத்துக்கொள்ளவில்லை. தாம் பிறந்த தோட்டத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த முனியாண்டி கோயிலின் சுதை உருவங்களை அளந்து, படமெடுத்து, அவற்றைச் செய்தவரின் கைவழக்கம் இன்னின்ன என்று எழுதினார். ஆய்வேட்டை ஒப்படைத்த மறுமாதம் கரிமுன் கல்வெட்டைப் பார்க்க விரும்புவதாகவும், நாகரி எழுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டதாகவும் கூறினார்.